தூண்டிலும் வலையும்

மனிதன் தன் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழிக்கவேண்டும் என்பது அவனவன் விருப்பத்தைப் பொறுத்த சிறு விஷயம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. தொழிலையும் கூலியையும் அறநோக்கில் ஆராய்கின்ற நாம், பொழுதுபோக்கை அந்த ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாக விட்டுவிடுகின்றோம். ஆயின், ஒரு சமுதாயம் எதனைத் தொழில் என்றும் எதனைப் பொழுதுபோக்கு என்றும் பெயரிடுகின்றது, ஒரே செயலைச் செய்யும் இருவரில் எவரை மதிக்கின்றது, எவரை இழித்துரைக்கின்றது என்பவற்றை நோக்கினால், அச்சமுதாயத்தின் உள்ளமைப்பே புலனாகிவிடும். இதற்கு எடுத்துக்காட்டாக மிக எளிமையான ஒரு செயலை எடுத்துக்கொள்வோம்: விடுமுறை நாளொன்றின் காலைப்பொழுதிலே, இறங்குதுறை ஒன்றின் விளிம்பில் இருந்துகொண்டு, மிதப்புக் கட்டிய தூண்டிலாலே திரளி மீன் பிடித்தல்.

யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலை அண்டிய ஊர்களிலும், தீவுப்பகுதி இறங்குதுறைகளிலும், மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள பாலங்களிலும் தூண்டிற் கம்புடன் மணிக்கணக்காக இருப்போரை நாம் காண்கின்றோம். அவருட் சிலர் அன்றைய கறிக்கு வழிதேடி வந்தோர். மற்றுஞ் சிலர் ஆசிரியர், எழுதுவினைஞர், இளைப்பாறிய உத்தியோகத்தர். மீன் அகப்படாவிடினும் வீட்டிலே உலை கொதிக்கும் என்ற நிச்சயம் உடையோர். இக்கட்டுரை இவ்விரண்டாஞ் சாராரைப் பற்றியது. தேவையினாலன்றி மகிழ்ச்சியின் பொருட்டு மீன்பிடிக்கும் மனிதன் செய்வது சரியா? அவன் அந்த மீனுக்கு எவ்வகையிற் கடமைப்பட்டவன்? அதே கரையிலே வலை உலர்த்தும் கடற்றொழிலாளிக்கு எவ்வகையிற் கடமைப்பட்டவன்? இவையே நம் முன்னுள்ள வினாக்கள்.

விடை காணுமுன் அச்செயலை உள்ளவாறு அறிந்துகொள்ளுதல் அவசியம். ஒரு செயலைப் போற்றுவோரும் தூற்றுவோரும் பெரும்பாலும் அதன் நுட்பத்தை அறியாமலே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்தார் திரளி என்றும் மணலை என்றும் வழங்கும் மீன்களைத் தமிழ்நாட்டார் மடவை என்பர். உலகின் வெப்ப, இடைவெப்ப வலயக் கடல்கள் பலவற்றிலே வாழும் குடும்பம் இது. முதிர்ந்த மீன்கள் கரையை விட்டகன்று கடலிலே முட்டையிடுகின்றன. ஒரு பெண்மீன் இடும் முட்டைகள் இலட்சக்கணக்கானவை. அவற்றினின்றும் தப்பிப் பிழைத்த குஞ்சுகள், விரல் நீளங்கூட வளராத பருவத்திலே, கழிமுகங்களூடாகக் கடனீரேரிக்குட் புகுந்து அங்கேயே வளர்கின்றன. மாரிமழையால் உப்புக் குறைந்த நீரையும், கோடையிலே வற்றிக் கடலினும் உப்புக் கூடிய நீரையும் ஒருங்கே தாங்கவல்ல உடல்வலிமை இவற்றுக்கு உண்டு. வளர்ந்தபின் கூட்டங்கூட்டமாக மீண்டும் கடலை நோக்கிச் செல்கின்றன. பிற மீன்களைத் துரத்தி உண்ணும் வழக்கமும் இவற்றுக்கில்லை. சேற்றின் மேற்படையை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியையும் உக்கிய பொருள்களையும் சலித்து உண்கின்றன; கோழியின் இரைப்பையைப் போன்று தடித்த தசை கொண்ட வயிறு, கூடவே விழுங்கப்பட்ட மணலின் துணையோடு அவ்வுணவை அரைத்துக்கொள்கின்றது.

இந்த வாழ்க்கை முறையே தூண்டிற்காரனின் உத்தியை நிருணயிக்கின்றது. இறாலையும் மீன்துண்டையும் கண்டு பாய்ந்து விழுங்கும் மீனன்று இது. ஆகவே இரை பாண். நீரில் ஊறவைத்துப் பிசைந்த பாணைச் சிறிது சிறிதாகத் தூவி, இறங்குதுறைத் தூண்களிற் படர்ந்த பாசியை மேய வந்த கூட்டத்தை ஓரிடத்தே நிறுத்தவேண்டும். பின்னர் பாணின் வெண்பகுதியில் ஒரு கிள்ளு எடுத்துச் சிறிய தூண்டில்முள்ளிலே பொதியவேண்டும். மெல்லிய தங்கூசியிலே, மயிலிறகின் காம்பாற் செய்த மிதப்பு. அதன் நுனி மாத்திரம் நீருக்கு மேலே தெரியும்படி சிறு ஈயமணிகளாற் பாரம் ஒப்பஞ்செய்யப்பட்டிருத்தல் வேண்டும். மிதப்பு அதிகம் மிதந்தால் மீன் அதன் தடையை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும். அதிகம் தாழ்ந்தாற் கண்ணுக்குப் புலப்படாது. திரளியின் உதடு மென்மையானது. அது இரையைக் கவ்வுவதில்லை. ஊதியும் உறிஞ்சியும் சோதித்துப் பார்க்கின்றது. மிதப்பு அமிழாமலே நடுங்கும், சற்றுச் சரியும், மீண்டும் நிமிரும். பத்து முறை நடுங்குவதில் எந்த நடுக்கம் உண்மையானது என்று அறிந்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துக் கம்பை உயர்த்தவேண்டும். முந்தினால் வெறும் முள் வரும். வலிந்து இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். துறையின்மேல் எழுந்து நின்று ஒருமுறை நிழல் விழுத்தினாலும் கூட்டம் முழுவதும் கலைந்துவிடும்.

பங்குனி, சித்திரை மாதங்களிலே, வாடை ஓய்ந்து சோளகம் பெயரத் தொடங்குமுன், பரவைக்கடல் கண்ணாடிபோற் கிடக்கும் காலைகள் சில உண்டு. பெருக்கு ஏறுவதும் வற்று இறங்குவதும் ஏறக்குறைய இரண்டடிக்குட்பட்ட வேறுபாடே எனினும், அந்த இரண்டடியே மீனைத் துறைக்குக் கொண்டுவருகின்றது, கொண்டும் போகின்றது. வெயில் ஏறிக் காற்று எழும்வரையுள்ள இரண்டு மூன்று மணி நேரமே இத்தூண்டிலுக்கு உரியது. அந்நேரம் முழுவதும் ஒருவன் செய்வது ஒன்றே: நீரின்மேல் நிற்கும் ஒரு புள்ளியை நோக்கியிருத்தல்.

இவ்வாறு நோக்கியிருத்தல் வீண்பொழுது என்று கருதுவோர் நம்முள்ளும் உளர். சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்பவன் ஒரு கணத்தையும் வீணாக்கலாகாது எனக் கண்டிப்பாகப் பேசுவோர் அவர். அவர்களுடைய ஊக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர் கூற்று ஏற்புடையதன்று. கந்தோரிலும் தொழிற்சாலையிலும் மனிதனின் கவனம் விலைக்கு வாங்கப்படுகின்றது. மேற்பார்வையின் அச்சத்தால் நிலைநிறுத்தப்படுகின்றது. எதனையும் முழுமையாகக் காணும் ஆற்றல் அவ்விடத்தே தேய்ந்துபோகின்றது. மிதப்பை நோக்கியிருப்பவனோ எவருடைய ஏவலுமின்றிக் கவனிக்கின்றான். நீரின் ஓட்டம், காற்றின் திசை, பாசியின் நிறம், மீனின் இயல்பு ஆகியவற்றைத் தன் கையாலும் கண்ணாலும் கற்கின்றான். இயற்கையைக் கவிதையிலே புகழ்வதற்கும் அதன் இயக்கத்தை அறிவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மனிதனுக்கு உரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று எனத் தயங்காது கூறலாம்.

இந்நன்மையைப் பாடியோருள் இங்கிலாந்தின் ஐசாக் வால்ற்றன் முதல்வர். உள்நாட்டுப் போர் அந்நாட்டைக் குலுக்கி ஓய்ந்த காலத்திலே, 1653ஆம் ஆண்டில், தூண்டிற்கலை பற்றிய தமது நூலை அவர் வெளியிட்டார். சிந்திக்கும் மனிதனுக்குரிய பொழுதுபோக்கு இது என்பது நூலின் துணைத்தலைப்பின் கருத்து. ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளின் பின்னர், 1823இல் வெளிவந்த ‘டொன் ஜுவான்’ காவியப் பகுதியிலே பைரன் அவரைக் கடுமையாக எள்ளினார். தூண்டிற்காரரின் சாந்தம் கொடுமைக்கு இட்ட போர்வை என்பதே பைரனின் வாதம். அக்கிழவரின் தொண்டையிலேயே ஒரு முள்ளை மாட்டி, சிறு மீனொன்று அதனை இழுக்கவேண்டும் எனவும் அவர் விரும்பினார். ஏளனமாகச் சொல்லப்பட்டதெனினும் அதனுள் ஒரு வினா இருக்கின்றது. தங்கூசியின் ஒரு நுனியிலே அமைதியுற்ற மனிதன் இருக்கின்றான் என்பது உண்மை. மறுநுனியில் என்ன இருக்கின்றது?

மீனுக்கு நோவு தெரியாது என்பது நெடுங்கால நம்பிக்கை. ஸ்கொட்லாந்திலே லின் ஸ்னெடன் முதலிய ஆய்வாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்தது. ட்ரவுட் மீனின் வாயைச் சூழ்ந்த பகுதியிலே, காயத்தையும் வெப்பத்தையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அவர்கள் காட்டினர். உதட்டிலே அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உணவை நெடுநேரம் நாடவில்லை. சில, உதட்டைத் தொட்டியின் கற்களிலே உரசின. இதனை மறுப்போரும் உளர். காயத்தை நரம்பு உணர்தல் வேறு, அதனை நோவென மனம் அனுபவித்தல் வேறு. மனிதனின் பெருமூளைப் புறணியை ஒத்த பகுதி மீனுக்கு இல்லை என்பது அவர் வாதம். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும் பிரித்தானியா 2022இல் இயற்றிய விலங்குநலச் சட்டம் முள்ளந்தண்டுள்ள விலங்குகள் யாவற்றையும், மீன் உட்பட, உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டுள்ளது. ஐயம் உள்ள இடத்திலே அதன் பயனை எவருக்கு அளிப்பது என்பதே அறத்தின் பிரச்சினை. முள்ளைப் பிடித்திருப்பவன் அந்த ஐயத்தைத் தனக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொள்வது நீதியாகாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவதை எந்த நியாயசபையும் அனுமதிப்பதில்லை அன்றோ?

இவ்விக்கட்டினின்றும் தப்பப் பலர் காட்டும் வழி, பிடித்த மீனை மீண்டும் கடலிலே விட்டுவிடுதல். மேலைநாட்டுத் தூண்டிற்காரர் இதனைப் பெருந்தன்மையாகக் கொள்கின்றனர். ஆனால் விடுவதற்கென்றே பிடிப்பதைச் சுவிற்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விதிகளாலே தடைசெய்தது. தடையின் பின்னுள்ள நியாயம் சிந்திக்கத்தக்கது. உண்பதற்காகப் பிடிப்பவனிடம் ‘ஏன்?’ என்று கேட்டால் ஒரு விடை உண்டு. விடுவதற்காகப் பிடிப்பவனிடம் கேட்டால், அம்மீனின் போராட்டமே தனக்கு வேண்டியிருந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

மீனைக் கடலில் விடுதல் நம் மரபுக்குப் புதியதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்திலே நாகபட்டினத்து நுளையர் குலத்தவரான அதிபத்தர் வருகின்றார். நாள்தோறும் அகப்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலே விடுதல் அவர் வழக்கம். ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரு மீனே அகப்பட்டது. சுற்றத்தார் பசியால் வாட, அந்த ஒன்றையும் அவர் கடலிலே விட்டார். இறுதியில் பொன்னும் மணியுமாய் விளங்கிய மீனொன்று வலையில் வந்தது, அதனையும் விட்டார். இக்கதையைப் பக்தியின் பெருமையாகப் படிப்போர் படிக்கட்டும். நமது வினாவுக்கு அது வேறொரு வகையிலே பயன்படுகின்றது. அதிபத்தர் விட்ட மீன் அவருக்கு வேண்டியிருந்த மீன். ஆதலினாலேயே அது தியாகமாயிற்று. தேவையற்ற மீனை உதடு கிழித்துத் திருப்பி விடுபவன் எதனையும் இழக்கவில்லை. இழப்பு முழுவதும் மீனுடையது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தல் தகாது.

அப்படியாயின் தூண்டிலையே முறித்தெறிய வேண்டுமா? திருக்குறளின் புலான் மறுத்தல், கொல்லாமை என்னும் அதிகாரங்களை முழுமையாக ஏற்று வாழ்வோர் அவ்வாறு கூற உரிமையுடையோர். அவர்தம் நெறியிலே முரண்பாடில்லை. ஆயின் நம்மிற் பெரும்பாலோர் மீன் உண்போர். உண்பதற்காக விலைகொடுத்து வாங்குவார் இல்லையேல் விற்பதற்காகக் கொல்வாரும் இல்லை என்ற வள்ளுவரின் தருக்கம், கொன்றவனோடு வாங்கியவனையும் ஒரே தட்டிலே நிறுத்துகின்றது. வலையிலே திணறி, வள்ளத்தின் அடியிலே மூச்சுமுட்டி இறக்கும் மீன், தூண்டிலில் அகப்பட்ட மீனினும் குறைவாக வருந்துகின்றது என்று எவர் கூறமுடியும்? சந்தையிலே கூறாக விற்கப்படும் மீனை வாங்குபவன் அந்த மரணத்தைக் காண்பதில்லை. கொலையை இன்னொருவன் கையிலே ஒப்படைத்துவிட்டுத் தன் கையைத் தூய்மையானதென்று எண்ணிக்கொள்கின்றான்.

இவ்விடத்திலேதான் தூண்டிற்காரனுக்கு ஒரு சிறப்பு இருப்பதை நாம் ஏற்கவேண்டும். தன் கறிச்சட்டியில் வேகப்போவது உயிருள்ளதாயிருந்தது என்பதை அவன் தன் கையாலே அறிகின்றான். திரளியைக் கரைசேர்த்து, அதனைத் துடிக்கவிடாது உடனே அடித்துக் கொன்று, செதில் கழற்றி, வீட்டிற்குக் கொண்டுசென்று உண்பவன், வாங்கி உண்பவனினும் நேர்மையானவன். ஆகவே மீனைப் பொறுத்தவரையில் முடிவு இதுவாகலாம்: உண்ணப்படுவதை மாத்திரம் பிடித்தல், பிடித்ததை உடனே கொல்லுதல், போதிய அளவு கிடைத்ததும் கம்பைச் சுருட்டுதல். இதற்கு மேற்பட்டது வேட்டை வெறி.

இனி, மீனைவிடக் கடினமான மற்றைய வினாவுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, தீவுப்பகுதி இறங்குதுறை ஒன்றில் இக்கட்டுரையாளன் மிதப்புத் தூண்டிலுடன் ஒரு காலையைக் கழித்ததுண்டு. ஒன்பது மணியளவிலே இரண்டு திரளிகள் கிடைத்திருந்தன. அப்போது, களங்கட்டி பார்த்துத் திரும்பிய முதியவர் ஒருவர் வள்ளத்தைத் துறையோடு அணைத்துக் கட்டினார். பின்னிரவிலே புறப்பட்டவர், அவருடைய பறியின் அடியை மறைக்கவும் போதாத மீனே இருந்தது. அவர் என் மிதப்பைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, ஈயம் ஒரு மணி கூடிப்போயிற்று என்றார். ஒரு மணியைக் கழற்றிவிட்டதும் மிதப்புச் சரியாக நின்றது. பின்னர் சிரித்துக்கொண்டு, “மாஸ்ரர், மீன் படாட்டில் உங்களுக்குப் பொழுது போகும், எங்களுக்கு உலையெல்லோ போகும்” என்றார்.

அவர் கூறியதிலே கசப்பிருக்கவில்லை. இருவர் நிலையையும் உள்ளபடி அளந்து கூறினார், அவ்வளவே. சிறிது நேரத்தின் பின் துறைக்கு மீன் வாங்க வந்த ஒருவர், என்னை ‘மாஸ்ரர்’ என்றும் ‘நீங்கள்’ என்றும் விளித்தார். தம் தந்தையின் வயதினரான அம்முதியவரைப் பெயர் சொல்லி அழைத்து, ‘நீ’ என்று பேசினார். இருவரும் அந்தக் காலையிலே செய்தது ஒரே வேலை. எங்களில் அதனை நன்கு அறிந்தவர் அவரே. மரியாதை மட்டும் அறியாதவனுக்குக் கிடைத்தது.

இது தனிமனிதர் ஒருவரின் பண்புக்குறை அன்று. யாழ்ப்பாணச் சமுதாயம் மீனை விரும்பி உண்கின்றது. மீன்பிடிப்போனை ஒரு சாதியாக்கி ஒதுக்கிவைத்தது. திரளிக் குழம்பின் மணத்தைச் சிலாகிக்கும் அதே நாவு, ‘மீன்வாடை’ என்பதை வசைச்சொல்லாக வழங்கிற்று. தூண்டிலை விளையாட்டாகக் கைக்கொண்ட உத்தியோகத்தனிடம் அந்த வாடை வீசுவதாக எவரும் கூறியதில்லை. எனவே இழிவு செயலிலும் இல்லை, மீனிலும் இல்லை. தேவையினாலே செய்பவன் இழிந்தவன், தேவையின்றிச் செய்பவன் கனவான் என்ற கொள்கையே இதன் அடிப்படை. அந்நியர் ஆட்சியிலே இக்கொள்கை மேலும் உரம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலேயர் தம் தூண்டில் விளையாட்டுக்கென்றே ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளிலே விட்டனர். தோட்டத்துரை ஓடைக்கரையிலே பொறுமை பயின்ற அந்தக் காலைகளிலே, மேலே மலைச்சரிவிலே கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளிக்கு ஓய்வு என்ற சொல்லுக்கே பொருள் இருக்கவில்லை. துரையின் ஓய்வு வானத்திலிருந்து விழவில்லை. சரிவிலே நின்றவரின் உழைப்பிலிருந்து வந்தது.

கடற்கரை மக்களின் தன்மதிப்புக் குரலும் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. நற்றிணையின் 45ஆம் பாடலிலே, தேரூர்ந்து வரும் செல்வர் மகனைப் பார்த்துப் பரதவர் மகளின் தோழி பேசுகின்றாள். மீன் உணக்கிப் பறவை ஓப்பும் தங்கள்மீது மீன்மணம் வீசும். அப்பால் நில் என்கின்றாள். கடலாலே வாழும் தங்கள் வாழ்வு அவன் வாழ்வோடு ஒவ்வாதது எனினும், தங்களவருள்ளும் பெருமைக்குரியோர் உண்டு என்று முடிக்கின்றாள். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் குரலிலே ஏளனம் செய்யப்படுவோன் மீனவன் அல்லன்; மீனவனை அறியாது வந்தவனே. ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ (1952) முடிவும் இத்தகையதே. எண்பத்துநான்கு நாள்கள் மீன்படாதிருந்த கிழவன் பெரும் போராட்டத்தின் பின் கொன்ற மீனைச் சுறாக்கள் தின்றுவிட, எலும்பு மாத்திரம் கரைசேர்கின்றது. அதனைக் கண்ட உல்லாசப் பயணி ஒருத்தி, அது சுறாவின் எலும்பு என்று எண்ணி, அதன் அழகை வியந்து நிற்கின்றாள். ஓய்வுடையோர் உழைப்போரைக் காணும் பார்வை பல வேளைகளிலே இத்தகையதே.

மார்க்சும் ஏங்கெல்சும் 1845-46இல் எழுதி, 1932இலேயே முழுமையாக அச்சேறிய ‘ஜெர்மன் சித்தாந்தம்’ என்னும் நூலிலே மீன்பிடித்தல் ஓரிடத்தில் வருகின்றது. வருங்காலப் பொதுவுடைமைச் சமுதாயத்திலே மனிதன் காலையில் வேட்டையாடலாம், பிற்பகலில் மீன்பிடிக்கலாம், மாலையில் கால்நடை பேணலாம், உணவின் பின் விமர்சனத்தில் ஈடுபடலாம். ஆனால் வேடனாகவோ மீனவனாகவோ விமர்சகனாகவோ என்றென்றைக்கும் ஆகிவிட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இப்பகுதியை நகையாடுவோர் பலர். அதிலுள்ள கருத்தோ தெளிவானது. மனிதன் ஒரு தொழிலைச் செய்யலாம். அத்தொழில் அவன்மீது அறையப்பட்ட ஆணியாக இருத்தலாகாது. தொழிலைப் பிறப்போடு பிணைத்துவிட்ட நம் நாட்டிலே இக்கருத்தின் வலிமை இருமடங்காகின்றது.

தூண்டிலேந்திய ஆசிரியனைச் சற்று நோக்குவோம். வாரத்தில் ஐந்து நாள் அவன் ஆசிரியன்; சனிக்கிழமை காலை மீன்பிடிப்போன்; மாலையில் இத்தகைய கட்டுரை எழுதுவோன். அந்நூல் கூறிய விடுதலை அவனுக்கு ஓரளவு இன்றே கிட்டியுள்ளது. ஆனால் அது ஒருவழிப்பாதை. ஆசிரியன் சனிக்கிழமையிலே மீன்பிடிக்கலாம். மீன்பிடிப்போன் சனிக்கிழமையிலே ஆசிரியனாக முடியாது. 1945இலே நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அவன் பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்தது. கரையோர ஊர்களிலிருந்து ஆசிரியரும் வைத்தியரும் பொறியியலாளரும் தோன்றினர். இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதவு வெளியே செல்வதற்கே திறந்தது. தொழிலை விட்டகன்றவன் மதிக்கப்பட்டான், தொழில் மதிக்கப்படவில்லை. உயர்ந்தவன் தன் ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கும் நிலையும் பல இடங்களிலே தோன்றிற்று.

தொழிலிலே நின்றவனுக்கு என்ன நேர்ந்தது? 2009இலே முடிவுற்ற போரின் காலத்தில், வடபகுதிக் கடலிலே மீன்பிடித்தல் பல தடவைகள் முற்றாகத் தடுக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டபோதும் நேரமும் தூரமும் குறிக்கப்பட்டன. போர் ஓய்ந்து கடல் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டிவரும் இழுவைமடிப் படகுகள் கடலின் அடியையே வாரிச்சென்றன. அடிமட்ட இழுவைமடியை இலங்கைப் பாராளுமன்றம் 2017இலே சட்டத்தால் தடைசெய்தது. எனினும் பிணக்கு ஓயவில்லை. இழுவைப் படகிலே கூலிக்கு வருவோனும் ஏழைத் தமிழனே. இலாபம் கரையிலிருக்கும் படகு முதலாளிக்குச் செல்கின்றது என்பதை நாம் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மண்ணெண்ணெய் இன்றிச் சிறு படகுகள் கரையிலே கிடந்தன. கடனீரேரியின் ஆழங்குறைந்த இடங்களிலே அமைக்கப்பட்ட கடலட்டைப் பண்ணைகள் தங்கள் மீன்பிடியிடங்களையும் பாதைகளையும் மறிக்கின்றன எனச் சிறு தொழிலாளர் முறையிட்டு வந்துள்ளனர். இவை யாவும் தூண்டிற்காரனின் காலைப்பொழுதைப் பாதிப்பதில்லை. அவனுடைய மிதப்பு அசையாவிட்டால் அவன் வானத்தைப் பார்த்து மகிழலாம். கடற்றொழிலாளியின் வெறுங்கைக்கு அத்தகைய மறுபக்கம் இல்லை.

இவ்வாறு கூறுவதாலே தூண்டிற்காரன் குற்றவாளி என்பது பெறப்படாது. ஒருவன் தன் ஓய்வைத் துறந்துவிட்டால் இன்னொருவனுக்கு ஓய்வு கிடைத்துவிடாது. பசித்தவன் முன்னே உணவை எறிந்துவிடுவது பசியைத் தீர்க்கும் வழியன்று. மிதப்பை நோக்கியிருக்கும் அமைதி நன்மையானதென ஏற்றுக்கொண்டோமாயின், அந்நன்மை சிலருக்கே உரியதாக இருப்பதே அநீதி. அதனை ஒழிப்பதன்று நம் வேலை, பொதுவாக்குவது. ஓய்வு என்பது உழைப்பின் நடுவே கிடைக்கும் இளைப்பாறுதல் மாத்திரம் அன்று. நாளைய உணவைப் பற்றிய அச்சமின்றி ஒன்றைச் செய்யும் சுதந்திரமே ஓய்வு. புயற்காலத்திலே கடலுக்குப் போகாதிருக்கும் கடற்றொழிலாளி சும்மா இருக்கின்றான்; ஆனால் அவன் ஓய்ந்திருக்கவில்லை. கடலுக்குப் போகமுடியாத நாள்களுக்கு ஒரு வருமான உறுதி, பிடித்த மீனுக்கு இடைத்தரகர் விழுங்காத விலை, வழிவழி வந்த மீன்பிடியிடங்களிலே உரிமை, முதுமைக்கு ஓர் ஓய்வூதியம் ஆகியவை கிட்டும்போதே அவனுக்கும் ஒரு காலைப்பொழுது சொந்தமாகும்.

அதுவரை தூண்டிலேந்துவோனின் கடமைகள் சிலவற்றை வெளிப்படையாகவே வரையறுக்கலாம். வள்ளம் அணையும் இடத்தை அவன் மறிக்கலாகாது. முட்டையிடக் கடலுக்குச் செல்லும் கூட்டம் கழிமுகத்திலே திரளும் காலத்தில் தூண்டிலை ஒதுக்கிவைத்தல் வேண்டும். அந்தக் கூட்டமே மறுவருடத்து வலைக்கு மூலதனம். அறுந்த தங்கூசியைத் துறையிலே எறிந்துவிட்டு வரலாகாது. அது உக்காது கிடந்து பறவையின் காலையும் வலையின் கண்ணையும் ஒருசேரச் சிக்கவைக்கும். தன்னிலும் மீனை அறிந்தவரிடம் கற்பவனாகப் பேசவேண்டும். வயதுக்கும் அறிவுக்கும் உரிய சொல்லால் அவரை அழைக்கவேண்டும். இது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு நம் நாவிலே நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது இத்தகைய சிறு சொற்களாலேயாம். இவை அனைத்துக்கும் மேலாக, கடற்றொழிலாளர் தம் உரிமைக்காக வீதிக்கு வரும் நாளிலே, கடலின் அழகைப் பேசிய அவன் மௌனமாயிருத்தலாகாது. கடலிலிருந்து மகிழ்ச்சியைப் பெற்றவன் அக்கடலாலே வாழ்வோரின் வழக்கில் நடுநிலை வகிக்க உரிமையற்றவன்.

மீனுக்கு நாம் செலுத்தவேண்டியது வீண் வதை செய்யாமை. மனிதனுக்குச் செலுத்தவேண்டியது அதனினும் பெரிது. அது தனிமனிதரின் நல்லொழுக்கத்தால் மாத்திரம் செலுத்தி முடிக்கத்தக்கதுமன்று. களங்கட்டி காப்பவரின் பேரன் கல்வி கற்றுக் கந்தோருக்குப் போகலாம். அவன் விரும்பினால் கடலிலேயே தொழில் செய்து, சனிக்கிழமை காலையிலே இறங்குதுறையில் ஒரு மிதப்பையும் இட்டுக்கொண்டு அமரலாம். எதனைத் தெரிந்தாலும் அவனுக்கு ஒரே மதிப்பு இருத்தல் வேண்டும். அந்த நிலை ஏற்படும்வரை, மிதப்புத் தூண்டிலின் மகிழ்ச்சி நியாயமானதே எனினும், அது கடன்பட்ட மகிழ்ச்சி என்பதை அதனை அனுபவிப்போர் உணர்ந்திருத்தல் வேண்டும்.